இரும்புக் கையும் எச்சில் விரலும்

ஒரு பொருளை விரும்புவது வேறு. அது தன்னிடமே இருக்க வேண்டும் என்று விரும்புவது வேறு. இரண்டும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது உபநிஷதமல்ல. ஒரு சித்திரக் கதை!

1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கிற்று. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இந்த மாயாவி 1962-இல் 'வேலியண்ட்' என்ற ஆங்கிலச் சிறுவர் வாரப் பத்திரிகையில் பிறந்தவன். கதை எழுதியவர் கென் புல்மர். படம் வரைந்தவர் ஸ்பெயின் தேசத்து ஹேசுஸ் பிளாஸ்கோ. ஆனால் தமிழ்ப் பையன்கள் அவனைத் தங்கள் தெருக்காரனாகவே பாவித்தார்கள்.

தென்காசியில் என் சிநேகிதர் ஒருவர் அந்த முதல் இதழின் பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். பல வருஷம் தேடி, பெருந்தொகை கொடுத்து வாங்கியது. "பேரன் பார்த்தானா?" என்று கேட்டேன்.

"அட்டையைக் காட்டினேன். பிரிச்சா முதுகு விட்டுப்போகும், அண்ணாச்சி. கதை வேணும்னா மறுபதிப்பு இருக்கே!" என்றார்.

நியாயமான பதில்தான். காப்பாற்றுகிறவர்கள் இல்லாவிட்டால் எதுவும் மிஞ்சாது. பரண்களில் சுவடிகள் கிடந்ததால்தானே உ. வே. சாமிநாதையர் தேடிப் போனபோது கிடைத்தன? ஆனால் ஐயர் அவற்றை வேறொரு பரணில் ஏற்றவில்லை. 1894-இல் புறநானூற்றை அச்சிட்டு ஊருக்கே கொடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிரதிக்கு ஏன் அவ்வளவு விலை? மற்றப் பிரதிகளெல்லாம் கிழிந்து போனதால். ஏன் கிழிந்தன? பையன்கள் விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, பள்ளிக்கூடப் பைக்குள் திணித்து, கைமாற்றிக் கைமாற்றிப் படித்ததால். கசங்காத பிரதி ஒருவேளை யாரும் ஆசையாகப் படிக்காத பிரதியாகவும் இருக்கலாம். அதற்கு விலையை உண்டாக்கியது அந்த எச்சில் விரல்கள்தாம்.

மறுபதிப்பில் கதையைப் படித்தேன். விஞ்ஞானம் சுத்த அபத்தம். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைய மாட்டான், மாண்டு போவான். ஆனால் ஒளியும் நிழலுமாக பிளாஸ்கோ வரைந்திருக்கும் படங்கள் அந்தக் குறையை மறக்கடிக்கின்றன. வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல் ஆரம்பத்தில் நல்லவனில்லை. கண்ணுக்குத் தெரியாதவன் ஆனதும் குற்றத்தில் இறங்குகிறான்; பிறகுதான் திருந்துகிறான். மறைய வைக்கும் மோதிரம் கிடைத்தால் மனிதன் யோக்கியனாக இருப்பானா என்று பிளேட்டோவின் நூலில் ஒரு கேள்வி வருகிறது. அந்த மோதிரம் ஆளை முழுவதும் மறைத்துவிடும். இங்கேயோ உடம்பெல்லாம் மறைந்தும் கை மட்டும் மறைவதில்லை. எதைப் பற்றிக்கொண்டிருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது! சேகரிப்பவனுக்கும் இப்படி ஆகக்கூடும் என்பதுதான் என் அச்சம். அவனுக்குள் இருந்த ரசிகன் கொஞ்சங் கொஞ்சமாக மறைந்துபோகிறான். பற்றிய கை மட்டும் மிஞ்சுகிறது.

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. சுவரெல்லாம் புராணச் சித்திரங்கள். அவற்றைத் தொடக் கூடாது என்பது சரி. பார்க்கக் கூடாது என்று யாரும் பூட்டி வைக்கவில்லை. காப்பதற்கும் ஒளிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சி. வாழ்ந்ததும் அதே குற்றாலத்தில்தான். கம்பன் பாட்டொன்று பிடித்துவிட்டால், நண்பர்களைக் கூட்டி வைத்து அனுபவித்தால்தான் அவருக்குத் திருப்தி. பாட்டு அதனால் தேய்ந்து போய்விடவில்லை.

காகிதம் தேயும், மறுக்கவில்லை. என்றாலும் வருஷத்தில் ஒரு நாள், சாரல் ஓய்ந்து ஈரம் காய்ந்த ஒரு பகலில், கையைத் துடைத்துக்கொண்டு, பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாத்தாவே பக்கங்களைப் புரட்டலாம். முதுகு சற்று விடத்தான் செய்யும். புத்தகத்தின் விலையும் குறையலாம். பேரனுக்கோ, பின்னாளில் இதைக் காக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.