அரிசிப் பையும் அடையாள அட்டையும்

பண்டமாரானில் எங்கள் இளைஞர் பிரிவு மாதத்தில் ஒரு ஞாயிறு மளிகைப் பொருள் கொடுத்து வருகிறது. போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, நாம கொடுக்கிறது உண்மையா கஷ்டப்படுறவங்களுக்குத்தான் போகுதான்னு எப்படித் தெரியும்? ஒரு பாரம் போடலாமே. ஐ.சி. நகல், சம்பளச் சீட்டு எல்லாம் வாங்கிடலாம்." பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் பதில் சொல்லவில்லை. அந்த பாரத்தை ஏற்கெனவே ஒரு முறை போட்டவன் நான்.

அது 2021. ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம் தொடங்கியது. அந்த மாதக் கடைசியில் நாடு முழுக்க வெள்ளைக் கொடி இயக்கம் பரவியது. வீட்டில் சாப்பாடு இல்லையென்றால் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் பார்த்து உதவுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் பக்கம் கொடி கட்டத் தயங்கியவர்களே அதிகம். லோரி ஓட்டியவர், துறைமுகத்தில் தினச் சம்பளம் வாங்கியவர், எல்லாரும் நாளைக்குக் கல்யாண வீட்டில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டியவர்கள் அல்லவா!

பட்டியல் பொறுப்பு என்னுடையது. ஒரு நாள் மாலை ஒருவர் பழைய புரோட்டோன் சாகாவில் வந்தார். கார் வைத்திருப்பவருக்கு எதற்கு அரிசி என்று என் மனசு கேட்டது. ஐ.சி.யும் சம்பளச் சீட்டும் கேட்டேன். "வேலை நின்னு ரெண்டு மாசம் ஆச்சு தம்பி, சீட்டுக்கு எங்கே போறது?" என்றார். "மேலிடத்தில் கேட்டுட்டு கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். மேலிடம் என்று ஒன்றும் கிடையாது, நான்தான் மேலிடம். "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பின் சீட்டில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. மறுநாள் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் உண்மையில் கஷ்டத்தில் இருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவு எங்களிடம் பதினொரு பை அரிசி மீதம் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

கொடுக்கிற இடத்தில் இரண்டு விதமான தவறு நடக்கலாம். தேவையில்லாதவர் வாங்கிப் போகலாம், அப்போது நஷ்டம் ஐந்து கிலோ அரிசி. தேவையுள்ளவர் வெறுங்கையோடு திரும்பலாம், அப்போது ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? பொருள் குறைவாக இருக்கும்போது யாருக்கு முதலில் என்று பார்க்கத்தான் வேண்டும், தம்பி கேட்டதில் அந்த நியாயம் இருக்கிறது. வீடு பழுதுபார்க்க ஆயிரம் ரிங்கிட் கொடுக்கிறோம் என்றால் நானே பாரம் கேட்பேன். ஆனால் நம் நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது என்று திடக்கழிவு நிர்வாகக் கழகமே சொல்கிறது. நம் திருவிழா அன்னதானப் பந்தலிலும் பாதி சாப்பிட்ட தட்டுகள் குவிவதைப் பார்க்கிறோம். அங்கெல்லாம் ஐ.சி. கேட்பதில்லை. பசித்து வருகிறவனிடம் மட்டும்தான் கேட்கிறோம்.

2014 ஜூலையில் அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர், புக்கிட் பிந்தாங் லோட் 10 பேரங்காடியைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்று அறிவித்தார். சும்மா சோறு போட்டால் சோம்பேறியாகிவிடுவான் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. நாம் எல்லாரும் அப்போது கோபப்பட்டோம். என் பட்டியலும் அதே ஜாதிதான் என்று எனக்குத் தோன்றப் பல வருடங்கள் ஆயின.

வள்ளலார் 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்தவனுடைய நாட்டையும் சமயத்தையும் சாதியையும் விசாரிக்காதே என்று அவர் எழுதியது நமக்குத் தெரியும், மேடையில் சொல்லிக் கைதட்டலும் வாங்குகிறோம். அதே வரிசையில் அவன் செய்கையையும் விசாரிக்காதே என்கிறார். அதை நாம் விழுங்கிவிடுகிறோம். ஏனென்றால் அதுதான் கஷ்டம். குடித்துவிட்டு வருகிறவனுக்குமா? அவனுக்கும்தான். நம்மவர் இல்லாத, துறைமுகப் பக்கம் தங்கியிருக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்குமா? இந்து அமைப்பின் பெயரில் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற நாம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். என் பதில் 'ஆமாம்'. எங்கள் கூட்டத்தில் இதற்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

இன்னொன்றையும் எனக்கு ஒரு பாட்டிதான் காட்டிக் கொடுத்தார். அதே 2021-இல் அவருக்கு அரிசிப் பை கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, "இரு" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பின்பக்கம் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தார். "வேணாம் பாட்டி" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப உன் அரிசியும் வேணாம், எடுத்துட்டுப் போ." ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று வளர்ந்தவர் அவர். பசி அவருக்குப் புதிதில்லை. கொடுக்கிற இடத்தில் தன்னை யாரும் நிற்க விடாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. கீரையை வாங்கி அடுத்த வீட்டில் கொடுத்தேன்.

அதனால் இந்த மாதம் பாரம் இல்லை. ஒரு நீள மேசை மட்டும் போடுகிறோம். வேண்டியவர் எடுக்கலாம், வீட்டில் வாழைக்காய், மரவள்ளி, கீரை, கறிவேப்பிலை இருந்தால் கொண்டுவந்து வைக்கலாம். படம் எடுக்கப் போவதில்லை. பாரம் கேட்ட தம்பியே மேசைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். "யாராச்சும் மூணு பை எடுத்தா என்ன அண்ணா செய்றது?" என்று நேற்றும் கேட்டார். தூக்க முடியாமல் நின்றால் கார் வரைக்கும் தூக்கிக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.