படியளப்பது யார்?

தமிழில் கடவுளுக்கு ஆண்டவன் என்று பெயர். நிலம் வைத்திருந்தவனுக்கு ஆண்டை என்று பெயர். ரெண்டும் 'ஆள்' என்கிற ஒரே வேரிலிருந்து முளைத்தவை. கடவுளைப் 'படியளக்கிறவன்' என்கிறார்கள். களத்துமேட்டில் கூலி நெல்லை அளந்து போட்டவனையும் எங்க சனங்க படியளக்கிற சாமி என்றுதான் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மொழியே இப்படி ரெண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்ட பிறகு, 'தேவன் உன் தேவைகளையெல்லாம் சந்திப்பார்' என்று சேரிக் கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது, கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற கூலிக்காரியின் காதில் விழுவது யாருடைய மரக்கால் சத்தம்?

இந்தக் கேள்வியை நம்முடைய குருமார்கள் கேட்டுக்கொள்வதில்லை. பழைய பிரசங்கம் ஏழ்மையைப் பாக்கியம் என்றது, பலனைப் பரலோகத்துக்குத் தள்ளிவைத்தது. அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் போன்றவர்கள் பரப்பி, இங்கே கன்வென்ஷன் பந்தல்களுக்கு வந்து சேர்ந்திருக்கிற புதுப் பிரசங்கமோ, காணிக்கை ஒரு விதை, விதைத்தால் பல மடங்காய் அறுக்கலாம் என்கிறது. விதைத்தும் விளையாவிட்டால் உன் விசுவாசத்தில்தான் குறை. ஒன்று பசியைப் புண்ணியமாக்கியது, இன்னொன்று பசியைப் பாவமாக்குகிறது. ரெண்டிலும் கணக்கு கடவுளுக்கும் தனி ஆளுக்கும் நடுவில் முடிந்துபோகிறது. நிலம் யார் பேரில் இருக்கிறது, கூலியை யார் நிர்ணயிக்கிறான் என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.

பைபிளில் அப்படி இல்லை. யாத்திராகமத்தில் மன்னா விழுகிற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைச் சனம், தப்பி வனாந்தரத்துக்கு வந்து பசியில் முணுமுணுக்கிறது. சோறு வருகிறது, கூடவே ஒரு அளவும் வருகிறது: தலைக்கு ஒரு ஓமர், சுமார் 2 லிட்டர். நிறைய வாரியவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் வாரியவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கென்று பதுக்கியவன் பாத்திரத்தில் புழு வைத்து நாறியது. விடுதலையான அடிமைக்கு முதல் பாடமே இதுதான். பத்தாயம் கட்டாதே. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விதிவிலக்கு, அன்றைக்கு எடுத்து வைத்தது கெடவில்லை. ஏனென்றால் அது எல்லோருக்குமான ஓய்வு. தேவன் கொடுத்தார் என்பதோடு கதையை நிறுத்திக்கொள்கிற பிரசங்கியார், எவ்வளவு கொடுத்தார், சேர்த்து வைத்தவனை என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்கள் கதையையும் இப்படித்தான் நோகாமல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் மனம் திரும்புகிறவனுக்கும் மோட்சம் உண்டு என்று அதற்கு அர்த்தம் சொல்லுவார்கள். கூலிக்குப் போகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் வேறு இடத்தில் நிற்பார்கள். சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் சந்தைவெளியில் நின்றவனைப் பார்த்து ஏன் சும்மா நிற்கிறாய் என்று கேட்டதற்கு, எங்களை ஒருத்தரும் கூப்பிடவில்லை என்கிறான். அந்தப் பதில் கூலிக்காரனுக்கு உடனே புரியும். யாரைக் கடைசியாகக் கூப்பிடுவார்கள், ஏன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி, ஒரு குடும்பத்தின் ஒருநாள் வயிறு. கடைசியில் வந்தவனுக்கும் அதே வயிறுதானே? கூலி இங்கே வேலையால் அளக்கப்படவில்லை, பசியால் அளக்கப்படுகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகணும். அந்தத் தோட்டக்காரன், என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்கிறான். நல்ல மனசுதான், ஆனால் அது ஆண்டையின் நல்ல மனசு. அந்த இடத்தில் எனக்கு இடறுகிறது. எனக்கு அதைவிட யாக்கோபின் நிருபம் நெருக்கமாய் இருக்கிறது. அறுப்பறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அது கடவுள் காதுக்குப் போகிறது என்கிறார் அவர். அங்கே கடவுள் படியளக்கிறவராய் வரவில்லை, வழக்கைக் கேட்கிறவராய் வருகிறார்.

இனி நம் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு வருவோம். சோத்துக்காக வேதத்துக்குப் போனவன், அரிசிக் கிறிஸ்தவன். 1876-78 பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அரசாங்கம் நிவாரண வேலைக்காரனுக்குக் கொடுத்த தானியத்தை ஒரு ராத்தலாகக் குறைத்தது. அப்போது ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டுகிற கான்ட்ராக்டைத் தானே எடுத்தார். மாதிகர்கள் மண் வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள். ஞானஸ்நானம் கேட்டவர்களுக்குப் பஞ்ச நிவாரணம் நடக்கிற வரைக்கும் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தவர்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்றுதான். அதற்குப் பிறகு, 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் முழுகி எழுந்தார்கள். அரிசி நின்ற பிறகு வந்த கூட்டம் அது. அதற்கும் பெயர் அரிசிக் கிறிஸ்தவன்தான்.

அரிசிக்காகவே வந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் அதில் என்ன கேவலம்? அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கச் சொல்லி ஜெபம் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே? பசியோடு கடவுளிடம் போவதைக் கேவலம் என்று சொல்வதற்கு வயிறு நிறைந்திருக்கணும். இன்னொன்று. 1950 ஜனாதிபதி ஆணை அட்டவணைச் சாதிப் பட்டியலிலிருந்து கிறிஸ்தவ தலித்தை வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனுக்குக் கதவு திறக்கவில்லை. வேதத்துக்குப் போனதால் இருந்ததையும் இழந்தவனை, ஆதாயத்துக்காகப் போனான் என்பது என்ன கணக்கு என்று புரியவில்லை.

உண்மையில் யார் யாருக்குப் படியளந்தது? உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள் எங்கள் பெண்கள். அதற்குப் பிடியரிசிக் காணிக்கை என்று பெயர். அரைவயிற்றுக்குப் பொங்குகிற பானையிலிருந்து எடுத்த பிடி அது. உபதேசியாருக்குச் சம்பளமும் கோயிலுக்குக் கூரையும் அதிலிருந்து வந்தது. மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் என்று சொல்லுவாங்க. குடம் சுமந்தது யாருன்னு எங்க ஆத்தாவுக்குத் தெரியும்.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் கொடுக்க உத்தரவானது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்டவருக்கே விற்கணும் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறிப் போனது. அதைத் திருப்பிக் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு பெயர் பைபிளிலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து வந்தது. ரெண்டு பேரும் யாரையும் படியளக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தங்கள் சனத்தின் நிலத்தைக் கேட்டார்கள்.

மிஷனரிகள் விட்டுப்போன நிலங்களும் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் இன்றைக்குத் திருச்சபைகளிடம் இருக்கின்றன. அவற்றில் குத்தகை யாருக்குப் போகிறது, வேலை யாருக்குக் கிடைக்கிறது, பிடியரிசி கொடுத்தவளின் பேத்திக்கு எத்தனை இடம்? இந்த வருசம் ஸ்தோத்திரப் பண்டிகையில் பூசணிக்காயை ஏலம் விட்டு முடித்ததும், அந்தக் கணக்கையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.