செட்டைகளின் கீழே 21 நாள்



இந்த மாதம் கோழியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். நம்முடைய ஆண்டவரே எருசலேமை நினைத்து மனம் நொந்து பேசினபோது கோழியைத்தான் எடுத்துச் சொன்னார் (மத்தேயு 23:37, லூக்கா 13:34). கழுகைச் சொல்லியிருக்கலாம். மோசேயின் பாட்டிலே கழுகு இருக்கிறது. ஆனால் அவரோ நம் வீட்டுத் திண்ணையில் சுற்றித் திரிகிற கோழியைச் சொன்னார். கழுகுக்கு நகம் உண்டு, அலகு உண்டு. கோழிக்கு என்ன உண்டு? பருந்தின் நிழல் மணலில் விழுந்தால் ஒரு சத்தம் கொடுக்கும், குஞ்சுகள் ஓடி வரும், அது தன்னையே மேலே போட்டு மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அந்த மூடுதலுக்கு எவ்வளவு பாடு இருக்கிறது என்று அடைக்கோழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 21 நாள், பிரியமானவர்களே! ஒரு நாளைக்கு ஒரு தடவை இறங்கும். கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிஷம். அவசர அவசரமாய் நாலு தானியம் கொத்தி, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டு, மறுபடியும் ஏறிவிடும். கொண்டை வெளுத்துப் போகும். உடம்பு இளைத்துப் போகும். ராத்திரியும் பகலும் அலகால் முட்டைகளைத் திருப்பித் திருப்பி வைக்கும், உள்ளே இருக்கிற கரு ஒரு பக்கமாய் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

19, 20-ம் நாளில் காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சு கீச்சு என்று சத்தம் போடும். தாய் மெதுவாய்க் 'கொக் கொக்' என்று பதில் சொல்லும். முகம் பார்க்கும் முன்னே சத்தம் பழகிவிடுகிறது.

ஆதியாகமம் 1:2-ல் ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடினார் என்று வாசிக்கிறோம் அல்லவா? வேதாகமக் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் அந்த எபிரெய வார்த்தையைக் கரும்பலகையில் எழுதினார். ராகஃப். உபாகமம் 32:11-ல் குஞ்சுகளின்மேல் அசைவாடுகிற கழுகுக்கும் அதே வார்த்தைதான். அடைகாக்கிறது என்றும் சில வேத பண்டிதர்கள் பொருள் சொல்வதுண்டு. நான் அந்த டிப்ளமோ வாங்கினதில் மற்றதெல்லாம் பாதி மறந்தாலும் இது மறக்கவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன்.

நம் சபையில் ஒரு சகோதரி. புருஷன் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சவுக்குத்தோப்பு ஓரமாய்ப் பதினெட்டு கோழி வைத்திருந்தாங்க. பிள்ளைகளுக்கு நோட்டு, செருப்பு, பள்ளிக்கூடத்துச் செலவு, ஆண்டவருக்குக் காணிக்கை எல்லாமே அந்தக் கோழிகளிலிருந்துதான். மாசி மாதத்தில் ஒரே வாரத்தில் பதினாறு கோழி செத்துப்போச்சு. முதலில் தூங்கித் தூங்கி விழுந்தது, வெள்ளையும் பச்சையுமாய்க் கழிந்தது, சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது, சிலதுக்குக் கால் விழுந்துபோனது.

ஜெபிக்கப் போனேன். அந்தச் சகோதரி அழுதுகொண்டே சொன்னாங்க, "ஐயா, பக்கத்து வீட்டம்மா ஏதோ வெச்சிட்டாங்க. செய்வினைதான். அன்னைக்கு வேலி ஓரமா நின்னு என் கோழிங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க." அந்த வார்த்தையைக் கேட்ட இன்னொரு விசுவாசி, "இல்ல சிஸ்டர், இது தேவ சித்தம், யோபுவுக்கு நடக்கலையா?" என்றார். இரண்டு பேருக்கும் அந்த இடத்திலேயே பதில் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

அது செய்வினை இல்லை. அதற்குப் பெயர் இருக்கிறது. நம்ம ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம், டாக்டர்கள் ராணிக்கெட் என்கிறார்கள். 1926-ல் ஜாவா தீவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் பட்டணத்தின் பக்கத்திலும் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் நம் தேசத்தில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத் என்ற ஊரில் கோழிகள் மடிந்தபோது அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அது ஒரு வைரஸ் கிருமி. எச்சத்திலும் மூக்கு நீரிலும் இருக்கும். நம் செருப்பில் ஒட்டி வரும், கோழி வியாபாரியின் கூடையில் வரும், செத்த கோழியை நாய் இழுத்துப்போனால் அதோடு போகும். தடுப்பு மருந்து போடாத கோழிகளுக்குள் புகுந்தால் பத்துக்கு எட்டு ஒன்பது கூடப் போய்விடும்.

எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். பத்து நாளைக்கு முன் சந்தையில் மலிவாய்க் கிடைத்ததென்று ஒரு விடைக்கோழி வாங்கி நேரே மந்தையில் விட்டிருக்காங்க. முதலில் செத்தது அதுதான். பக்கத்து வீட்டம்மாவுக்கும் அடுத்த வாரமே நாலு கோழி போச்சு. தன் கோழியையே சாகடிக்கச் செய்வினை வைப்பவர் உண்டா?

இன்னொரு வார்த்தை, கொஞ்சம் கடினமாய்த்தான் சொல்கிறேன். கோழி தூங்கி விழ ஆரம்பித்தவுடனே, செத்துப்போகும் முன்னே விற்றுவிடுவோம் என்று அவசரமாய்ச் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்நூறு ரூபாய் வேறொரு விதவையின் பதினாறு கோழி. கள்ளத் தராசை வெறுக்கிற கர்த்தர் இதையும் பார்க்கிறார். நோய் வந்த கோழியை விற்காதீர்கள். செத்ததைக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஓடையில் வீசாதீர்கள். புதிதாய் வாங்கினதை இரண்டு வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்துவிட்டு மந்தையில் விடுங்கள்.

தேவ சித்தம் என்று சொன்ன சகோதரனுக்கு எசேக்கியா ராஜாவைக் காட்டினேன். 2 இராஜாக்கள் 20-ம் அதிகாரம். ராஜா சாகிற வியாதியில் கிடக்கிறார், அழுது ஜெபிக்கிறார், கர்த்தர் 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுக்கிறார். வாக்குத்தத்தம் வந்தாச்சு. அதற்குப் பிறகு ஏசாயா என்ன சொல்கிறார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடுங்கள் என்கிறார். வாக்குக் கொடுத்தவரேதான் அத்திப்பழத்தையும் பயன்படுத்தினார். மருந்து போட்டால் விசுவாசம் குறைந்துபோகும் என்று ஏசாயாவிடம் யாரும் சண்டை போடவில்லை.

நமக்குள்ள அத்திப்பழ அடை இதுதான். குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையின் கீழே ஒரு ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமை சனிக்கிழமை இதை இலவசமாய்ப் போடுகிற வழக்கம் உண்டு, பிப்ரவரி மாதத்தில் முகாமும் நடத்துகிறார்கள். நோய் வந்தபின் ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை. மழைக்கு முன்னே பேழை கட்டின கதைதான். மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவரவேண்டும், வெயிலில் வைத்தால் செத்துவிடும். மாதவரத்தில் உள்ள நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் (1989-ல் தொடங்கினது) தீனியோடு கலந்து போடுகிற குருணை மருந்தும் உண்டாக்கியிருக்கிறார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

அடை வைக்கிறதைப் பற்றியும் நாலு வார்த்தை. ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டையாய் எடுங்கள். கழுவாதீர்கள். சின்னக் கோழிக்குப் பத்து, பெரிதானால் பன்னிரண்டு. செட்டை எட்டாத முட்டை குளிர்ந்துபோகும். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாய்த் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இடிக்கு முட்டை கெட்டுப்போகும் என்று கூடைக்குள் இரும்புத்துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுகிற பழக்கம் நம் வீடுகளிலும் இன்னும் போகவில்லை. விட்டுவிடுங்கள். சேவல் சேராத முட்டையும், வெயிலில் கிடந்த முட்டையும், பழைய முட்டையும்தான் கூமுட்டையாகிறது. அடை தெளியட்டும் என்று கோழியைத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் எனக்குப் பிடிக்காத காரியம். பொரிக்கிற நாளில் ஓட்டை உரித்து உதவி செய்யாதீர்கள். குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, இரண்டு நாள் பசி தாங்கும்.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் நம்ம மாமல்லபுரம் பக்கம் கரை ஏறினது நினைவிருக்கும். கரண்ட் போச்சு. பல்பு வெளிச்சத்தில் குஞ்சு வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாயின் கீழே இருந்த குஞ்சுகளுக்குப் புயல் வந்ததே தெரியாது.

வான்கோழியைப் பற்றிச் சில குடும்பங்கள் கேட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஈசிஆர் ரிசார்ட்டுகளில் நல்ல விலை கொடுக்கிறாங்க என்கிறீர்கள், சரி. வேதத்தில் தேடாதீர்கள், அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மெக்சிகோ பக்கத்து ஜனங்கள் பழக்கினது. 1612-ல் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஜஹாங்கீர் பாதுஷாவே அதிசயப்பட்டு, மன்சூர் என்ற ஓவியரைக் கொண்டு படம் எழுதி வைத்தாராம். இப்போது நம் மணலில் திரிகிறது.

முட்டை 28 நாள் ஆகும். நாட்டுக்கோழியின் கீழே வைக்கலாம், ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். கோழி முட்டையும் சேர்த்து வைக்கிறதானால் வான்கோழி முட்டையை ஒரு வாரம் முன்னாடி வையுங்கள், ஒரே நாளில் பொரியும். கிறிஸ்துமஸுக்கு விற்க ஆசைப்படுகிறவர்கள் ஜூன் மாதத்துக்குள் குஞ்சு எடுத்திருக்க வேண்டும்.

வான்கோழிக் குஞ்சின் பரிதாபம் என்ன தெரியுமா? தீனி முன்னால் இருக்கும். தண்ணீர் பக்கத்தில் இருக்கும். ஆனாலும் பசியால் சாகும்! அதற்குக் கொத்தத் தெரியாது. கண்பார்வையும் அப்போது மந்தம். அதனால் தீனித்தட்டை விரலால் மெதுவாய்த் தட்டிக் கொண்டே இருக்கவேண்டும், தாய் அலகால் கொத்துகிற சத்தம் மாதிரி. தண்ணீரில் கலர் கோலிக்குண்டு போடுங்கள், மினுக்குவதைக் கொத்தப் போய்க் குடிக்கப் பழகும். பச்சை நிறம் அதற்குப் பிரியம், கீரையைப் பொடியாய் அரிந்து தூவுங்கள். முதல் பதினைந்து நாள், லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பாலும், பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டையும் கொடுக்கச் சொல்கிறார்கள். எத்தனை வீடுகளில் வேதப்புத்தகம் அலமாரியில் இருந்தும் பிள்ளைகள் பட்டினியாய் இருக்கிறார்கள்! யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் காட்ட வேண்டும்.

கோழியையும் வான்கோழியையும் ஒரே தரையில் மேய விடாதீர்கள். கோழியின் குடல்புழு முட்டையோடு ஒரு கிருமி மண்ணில் விழுகிறது. கோழிக்கு அது அவ்வளவாய்த் தெரியாது, வான்கோழிக்கு ஈரலைத் தின்றுவிடும். தனித்தனி இடம், வேளாவேளைக்குக் குடல்புழு மருந்து. தாய்க்கோழி பொரித்துக் கொடுத்ததும் வான்கோழிக் குஞ்சைப் பிரித்து, பல்பு வைத்துச் சூடு காட்டி வளர்ப்பதே நல்லது. பணம் போடும் முன் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி கேளுங்கள். கேளம்பாக்கம் போய் வண்டலூர் ரோடு பிடித்தால் போய்விடலாம்.

அந்தச் சகோதரிக்கு மிஞ்சின இரண்டு கோழியில் ஒன்று இப்போது அடையில் உட்கார்ந்திருக்கிறது. பதினோரு முட்டை. பக்கத்து வீட்டம்மாவோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. கோழிகள் மட்டும் வேலிக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் போய் வருகின்றன. ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் ஊசி போட்டு, மறு வீட்டுக் கோழியை விட்டுவிட்டால் நோய் அந்தத் தெருவில்தான் இருக்கும். ஆகையால் அவர்களே போய்க் கூப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "எப்படிங்கய்யா அவங்க மூஞ்சியைப் பார்ப்பேன்?" என்று கேட்டாங்க. மத்தேயு 5:23, 24-ஐ வாசித்துவிட்டு வந்தேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஜெபம் முடிந்து ஏழரை மணிக்குச் சபை வாசலில் ஆட்டோ நிற்கும். முந்தின நாளே மருந்தகத்தில் மருந்து உண்டா என்று நான் விசாரித்து வைக்கிறேன். கோழியை வெள்ளிக்கிழமை இருட்டினபின் பிடித்து அடைத்துவிடுங்கள், காலையில் துரத்தினால் கைக்கு வராது. காய்ச்சலாய் இருக்கிற கோழியைக் கொண்டுவர வேண்டாம். குஞ்சுகளைத் தாயோடு சேர்த்தே கொண்டுவாருங்கள். கூடை இல்லாதவர்கள் முன்னமே சொல்லுங்கள், நம் வீட்டில் இரண்டு இருக்கிறது. ஒன்றை அந்தச் சகோதரிக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு வீட்டுக் கோழியும் பிடிக்கிற பெரிய கூடை.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்