எக்ஸ்ரேயில் வினை தெரியுமா?

பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு ‘வட திருநள்ளாறு’ என்று பெயர். சனி பரிகாரத் தலம். சனிக்கிழமையானால் பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை என்று சுற்றுவட்டாரமே எள் தீபம் ஏற்ற வந்து நிற்கும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, மின்சார ரயில் நிலையத்துக்கே தன் பெயரைக் கொடுத்த தாம்பரம் சானடோரியம். பலகையில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்றிருந்தாலும், அக்கம்பக்கத்தாருக்கு அது இன்றும் ‘டி.பி. ஆஸ்பத்திரி’தான். இந்த இரண்டு வாசல்களிலும் ஒரே கேள்வியோடுதான் மனிதர்கள் நிற்கிறார்கள்: இது எதனால் வந்தது? மருத்துவமனையில் அதற்குக் காரணம் என்று பெயர், கோயிலில் வினை.

இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது நம் பழைய வழக்கம். சிக்கனமான வழக்கமும்கூட, காரணம் தெரியாத இடத்திலெல்லாம் வினையைப் போட்டு நிரப்பிவிடலாம். காசம் வந்தால் பரம்பரை, எச்.ஐ.வி. வந்தால் ஒழுக்கம், நுரையீரலில் புற்று வந்தால் பீடி. மூன்று நோயாளிகளையும் பார்த்த மருத்துவமனை இது. மூன்று விதமான ஏச்சுகளையும் கேட்டிருக்கும். ஆனால், நெஞ்சுக்கூட்டுக்குள் எப்போதாவது வரும் சில கட்டிகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

தைமோமாவை எடுத்துக்கொள்வோம். மார்பெலும்புக்குப் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். அது எதற்காக இருக்கிறது என்பதே நெடுங்காலம் தெரியவில்லை. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தபோதுதான், நோய் எதிர்ப்பு ஆற்றலின் பள்ளிக்கூடமே அதுதான் என்று விளங்கியது. டி அணுக்கள் அங்கே பயில்கின்றன. பாடம் ஒன்றுதான்: எது நான், எது பிற? வேதாந்திகள் ஆயுள் முழுதும் மல்லுக்கட்டும் கேள்வியில், நூற்றுக்குத் தொண்ணூறு அணுக்களுக்கு மேல் தோற்று அங்கேயே அழிகின்றன. தேறியவை மட்டுமே உடலுக்குள் அனுப்பப்படுகின்றன.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கட்டி வந்தால் பாடம் பிசகுகிறது. தைமோமா வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ என்ற தசைச் சோர்வு நோயும் சேர்ந்து வருகிறது. நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போகும் இடத்தை உடலே எதிரி என்று எண்ணித் தாக்குகிறது. காலையில் நன்றாக இருப்பவருக்குச் சாயங்காலமானால் இமை தொங்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சாப்பிடச் சாப்பிட மெல்லும் தாடை ஓயும். முதலில் கண்ணாடிக் கடை, பிறகு கண் டாக்டர், பிறகு ‘டென்ஷன்’ என்றொரு சமாதானம். நரம்பியல் மருத்துவரிடம் போய், ரத்தப் பரிசோதனை முடிந்து, நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போதுதான் கட்டி கண்ணில் படும்.

இந்தக் கட்டி ஏன் வருகிறது? புகையிலை இல்லை. மது இல்லை. தொற்று இல்லை. இன்னதனால் என்று கைநீட்ட மருத்துவத்திடம் எதுவும் இல்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருகிறது என்பது அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்கு. காரணம் தெரியாவிட்டாலும் சிகிச்சை தெரியும். 1936இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் ஆல்ஃபிரட் பிளேலாக், தசைச் சோர்வு நோயால் அவதிப்பட்ட ஓர் இளம்பெண்ணின் தைமஸ் கட்டியை அகற்றினார், அவர் தேறினார். இன்றும் கட்டியை மிச்சமின்றி முழுதாக எடுப்பதுதான் முதல் சிகிச்சை. அதற்கு முன் தசைச் சோர்வை மருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அறுவைக்குப் பின் மூச்சுத் தசைகளே ஓய்ந்துபோகலாம். கட்டி சுற்றிலும் பரவியிருந்தால் கதிர்வீச்சும் சேரும்.

நம் ஊரில் இன்னொரு தடங்கலும் உண்டு. காசம் மலிந்த நாட்டில் நெஞ்சு எக்ஸ்ரேயில் எந்த நிழல் விழுந்தாலும் முதலில் காசத்தின் மேல்தான் சந்தேகம் விழும். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் சரியாகவே இருக்கும் என்பதுதான் சங்கடம். சளியில் கிருமி தென்படாமலே ஆறு மாத மாத்திரையைத் தொடங்கி, குணம் தெரியாமல் தவித்து, பிறகே ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கப்பட்ட கட்டிகள் உண்டு.

இப்படித் தவறிய நோய்க்கணிப்பின் பெரிய கதை ஒன்று சானடோரியத்தை நிறுவியவரையே தொட்டுக்கொண்டு போகிறது. 1928இல் தாம்பரத்தில் அதைத் தொடங்கிய டாக்டர் டேவிட் சௌரி முத்து, அதற்குமுன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் விடுதி நடத்தியவர். 1917இல் அங்கே வந்து சேர்ந்த நோயாளிகளில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். அவருக்கு என்ன நோய் என்பதில் மருத்துவர்கள் ஒருமித்து நிற்கவில்லை. வயிற்றுப் புண் என்றார்கள், புற்றோ என்று அஞ்சினார்கள், கடைசியில் காசம் என்றார்கள். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அது உண்மையானால், அந்தக் காலத்திலேயே மருந்து இருந்த நோய். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தபோது வயது 32. கடல் கடந்து போய்வந்தவர், பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்று சொல்லி, ஆசாரமான உறவினர் பலர் ஈமச்சடங்குக்கே வரவில்லை.

மருத்துவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. உறவினர்களுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

அப்படியானால் வினை என்பதே பொய்யா? அவ்வளவு சுலபமாகத் தமிழ் மரபு அதைத் தள்ளிவிடாது. அறத்துப்பாலை முடித்துவைப்பதே ஊழ் அதிகாரம்தான். ஊழை விட வலியது எது என்று வள்ளுவர் அங்கே கேட்கிறார். கொல்லாமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் நோயுற்ற உடலையும் முற்பிறவிக் கொலையையும் அவரே முடிச்சுப் போடுகிறார். ஆனால், 95ஆம் அதிகாரமான ‘மருந்து’க்கு வந்தால் காட்சி வேறு. பத்துக் குறளிலும் வினையும் இல்லை, ஊழும் இல்லை. உணவின் அளவும் செரிமானமும் வருகின்றன. நோய் எது, அதன் முதல் எது என்று தேடச் சொல்வது வருகிறது. நோயாளியின் நிலையும் காலமும் பார்க்கச் சொல்வது வருகிறது. முடிவில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என்று நால்வரைச் சேர்த்து நிறுத்துகிறார். ஐந்தாவதாகக் குற்றம்சாட்டுபவருக்கு அங்கே இடமில்லை.

இது முரண்பாடு அல்ல. கொல்லாமையில் அவர் பேசுவது கத்தியை ஓங்குகிறவனிடம். இனி நடக்கப்போவதைச் சொல்லி அவன் கையைப் பிடிக்கிறார். மருந்தில் அவர் நிற்பது படுத்திருப்பவனின் கட்டிலருகே. வினை என்பது ஒருவன் தனக்குத்தானே, முன்னோக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். அதையே அடுத்தவர் உடம்பின் மேல் வைத்துப் பின்னோக்கிப் படித்தால் அது தத்துவம் அல்ல, வம்பு. விவிலியத்திலும் பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்றுதான் இயேசுவிடமிருந்து பதில் வருகிறது.

திருவண்ணாமலையிலும் இந்தக் கேள்வி எழுந்தது. ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கருகே 1948இல் தோன்றிய சிறு முடிச்சு, சார்க்கோமா என்ற அரிய வகைப் புற்று. 1949இல் நான்கு முறை அறுவை நடந்தது. ஒவ்வொரு முறையும் திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார். ஞானிக்கு ஏன் புற்று என்று திகைத்த அன்பர்கள், எங்கள் வினையைத் தாங்கிக்கொண்டார் என்று ஆறுதல் தேடினார்கள். அன்பில் பிறந்த விளக்கம்தான். ஆனாலும் கணக்குப் புத்தகத்தை மூட அவர்களுக்கும் மனம் வரவில்லை. உடல் நானல்ல என்று சொன்னவரோ கையைத் துண்டிக்க மட்டும் இணங்கவில்லை. மற்றபடி அறுவை மருத்துவரையும் மூலிகை கொண்டுவந்தவரையும் தடுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

ஆகவே, தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சாயங்காலமானால் இமை தொங்குகிறது, கண்ணாடியை மாற்றியும் பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். காச மாத்திரைக்கு எக்ஸ்ரே நிழல் கரையவில்லையென்றால், திசுப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொழிச்சலூருக்கும் தாராளமாகப் போய்வாருங்கள். சனிக்கிழமை வரட்டும் என்று ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.