இரண்டு சனிகள்

2023 இல் சனி கும்பத்தினுள் இரண்டு முறை பிரவேசித்தது: திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாறு பின்னதையே கொண்டாடிற்று. விஞ்ஞானத்துக்கும் மதத்துக்கும் என்று நாம் சொல்லும் வழக்கு இங்கே பஞ்சாங்கத்துக்குள்ளேயே நடக்கிறது. ஒரு தரப்புக்கு வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. மறு தரப்புக்கு வழிவழியாக வந்த வாக்கியம். என்றாலும் வானம் ஒன்றுதான், இரண்டும் சரியாக இருக்க முடியாது என்பதில் இருவருக்கும் சம்மதம். 1952 இல் மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவும் இதை நம்பித்தான் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் வந்தால் வழக்கு தீரும் என்று எதிர்பார்க்க நியாயமிருந்தது. 1794 இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிப் பொறியியல் கல்லூரி. அளந்தால் தெரிந்துவிடும் என்பது அவ்வளவு பழைய நம்பிக்கை.

ஜாதக மென்பொருள் விற்பவர்களில் பலர் செய்த முடிவு வேறு. இரண்டையும் திரையில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார்கள். எந்த வாடிக்கையாளரும் போய்விட மாட்டார். வியாபாரத்தில் இதற்குக் குற்றம் சொல்ல முடியாது.

இதைச் சகிப்பு என்று மெச்சுவது பிசகு. சகிப்பதற்குத் தனக்கென்று ஒரு கருத்து வேண்டும். 1825 இல் ஜான் வாரன், சோழிகளை நகர்த்திக் கிரகணம் கணித்த ஒரு தமிழ்ச் சோதிடரைப் பற்றி எழுதினார். கணக்குப் பிசகியிருந்தது. அந்தப் பிசகு அவருடையது. மென்பொருளில் பிசகு, தேர்ந்தெடுத்தவனுடையது. சண்டை நடந்தவரை உண்மை இரு தரப்புக்கும் வெளியே இருந்தது. இப்போது அது ருசி.