பிழை தெரிந்த பெட்டி

பெரிய ஸ்பீக்கர் என்றால் பெரிய சத்தம். பினாங்கில் வளர்ந்த தமிழருக்கு இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலின் பாட்டை அடுத்த பந்தலின் பாட்டு அமுக்கப் பார்க்கும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பாட்டுக் கடைகள் நடைபாதையில் பெட்டியை நிறுத்தித்தான் ஆளை உள்ளே இழுத்தன. கல்யாண மண்டபத்திலோ பக்கத்து நாற்காலிக்காரரை நலம் விசாரிக்கவே கைஜாடை தேவைப்படும்.

ஆகவே பினாங்கு மாநிலத்து ஜுருவில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் சனி ஞாயிறெல்லாம் கனத்த பலகையை அறுத்து, ஒட்டி, தேய்த்து, மார்பளவு உயரத்தில் இரண்டு பெட்டிகள் செய்துகொண்டிருந்தால், போகிறவர் வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்ண்ணே?" என்பதாகவே இருக்கும். இரண்டாவது கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வரும்: "இதக் கொண்டுபோய் எங்க வைக்கப் போறீங்க?"

முதல் கேள்விக்குப் பதில் எளிது. அவர் செய்வது மானிட்டர் வகைப் பெட்டி, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டைச் சரிபார்க்க வைக்கும் ஸ்பீக்கர். 1940களிலிருந்து 70கள் வரை ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவரில் இருந்த பெரிய மானிட்டர்கள் பல ஒரு வாட் மின்சாரத்தில், ஒரு மீட்டர் தூரத்தில், 95 டெசிபெலும் அதற்கு மேலும் கொடுத்தவை. இன்று மேசைமேல் வைக்கும் சிறு பெட்டிகள் பல 85 அளவில் நிற்கின்றன. 10 டெசிபெல் வித்தியாசம் என்றால் பத்து மடங்கு மின்சாரம். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க அந்தப் பெரிய பெட்டிக்கு ஒரு வாட்டே அதிகம்.

பிறகு எதற்கு அவ்வளவு பெரிதாக? அடிநாதம் தருவது வூஃபர், அதில் அசைவது கோன் என்ற கூம்பு. 15 அங்குல வூஃபரின் கோன் பரப்பு ஏறத்தாழ 850 சதுர சென்டிமீட்டர். ஆறரை அங்குல வூஃபருக்கு 140கூட இருக்காது. ஒரே கனமான அடிநாதத்தைத் தர, சின்னக் கோன் ஆறு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடவேண்டும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால் அந்த ஓட்டம் நான்கு மடங்காகும். ஓட ஓட அது தடுமாறும். தடுமாற்றம் பாட்டில் கலக்கும். பெரிய கோன் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. நிதானம் வேண்டித்தான் அந்தப் பருமன்.

பெட்டியின் கணக்கும் ஒரு காலத்தில் கைப்பழக்கமாகத்தான் இருந்தது. பெட்டியில் ஒரு துளை போட்டு, கோனின் பின்பக்கக் காற்றையும் அடிநாதத்துக்கு உதவ வைக்கலாம் என்பது 1930களிலேயே தெரியும். துளை எவ்வளவு, பெட்டி எவ்வளவு என்பதற்கு ஒழுங்கான சூத்திரம் தந்தவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல், 1961இல். அதை ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பெரும்பாலோர் கவனிக்கவில்லை. பத்தாண்டு கழித்து அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கம் மறுபதிப்புச் செய்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்று உலகில் எந்த வூஃபரை வாங்கினாலும் அதன் தாளில் இவ்விருவர் பெயரால் வழங்கும் எண்கள் இருக்கும். அந்த எண்களை வைத்து ஜுருவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கணக்குப் போடலாம்: 145 லிட்டர் பெட்டி, 30 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கவேண்டும், குழாய் 15 சென்டிமீட்டர் விட்டம் என்றால் நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். இரும்புச் சாமான் கடையில் விற்கும் ஆறங்குல பிவிசி கழிவுநீர்க் குழாயே போதும். நுண்கணிதத்தின் முடிவு கழிவுநீர்க் குழாயாக வந்து நிற்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பலகைக்கு நம்மூர் எம்டிஎஃப். மலேசியாவில் இந்தப் பலகைக்குப் பெரும்பாலும் ரப்பர் மர நார்தான். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் வெட்டி ஓய்ந்த மரத்தைச் சாய்த்து, அரைத்து, பசையோடு அழுத்திப் பலகையாக்குகிறார்கள். ஜுருவைச் சுற்றித் தோட்டங்கள் போய்த் தாமான்கள் வந்துவிட்டன. 'ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற பெயரில் மட்டும் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்மரத்தோடு பொழுது விடிந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதே மரத்தின் நாரை 25 மில்லிமீட்டர் பலகையாக வாங்கிப் பாட்டுப் பெட்டி செய்கிறார்கள். இதை வைத்துக் கண்ணீர் வடிக்கும் எண்ணம் எனக்கில்லை. பலகை கனமானது, அதிர்வை நன்றாக விழுங்கும், விலையும் கட்டுப்படியாகும். ஈரம் பட்டால் ஊதிக்கொள்ளும் என்பதுதான் குறை. குறுக்குச் சட்டமெல்லாம் போட்டு முடித்தால் ஒரு பெட்டி ஐம்பது கிலோவைத் தாண்டும்; தூக்க இன்னோர் ஆள் வேண்டும்.

வூஃபர் தேடுவது வேறொரு கதை. பழைய ஜேபிஎல் வூஃபர்கள் பலவற்றில் கோனைச் சுற்றியுள்ள நுரை வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்து உதிர்ந்திருக்கும், மாற்றி ஒட்டவேண்டும். மடிப்புத் துணி வளையம் வைத்தவை பிழைத்திருக்கும். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்கு ஞாயிறு காலை போகிறவர்களில் சிலர் பழைய பீங்கானுக்கும் நாணயத்துக்கும் நடுவே இதைத்தான் தேடுகிறார்கள்.

செய்யும் கைக்கு இங்கே பஞ்சமில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபோது முதலில் வந்த நிறுவனங்களில் கார் ரேடியோ செய்த கிளாரியனும் ஒன்று. பிறகு பிறையில் சோனி. ஜுருவுக்குத் தெற்கே பத்து காவானில் போஸ். ஐம்பதாண்டாக இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் ஆண்களும் ஈயப்பற்று வைத்தும், பலகை கோத்தும், பரிசோதனை மேசையில் நின்றும் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அந்த மேசையில் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று: பிழை தெரிந்தால் ரிஜெக்ட். அளவுக்குள் வராததைத் தனிக் கூடையில் போடு, அடுத்ததை எடு. தொழிற்சாலைக்கு அது சரி. அந்தப் பழக்கத்தோடு வீட்டில் மானிட்டர் செய்ய உட்காருகிறவருக்குத்தான் பிறகு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது.

மானிட்டர் என்றாலே உள்ளதை உள்ளபடி காட்டுவது என்று நம்புகிறோம். இந்தப் பெட்டிகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஜேம்ஸ் பி. லான்சிங் அல்டெக் நிறுவனத்தில் இருந்தபோது, 1940களில், 604 என்ற 15 அங்குல ஸ்பீக்கர் வந்தது; காந்தத்தின் நடுவிலேயே உயர்நாதத்துக்கான ஹார்ன் புகுந்த ஸ்பீக்கர். லான்சிங் 1946இல் விலகித் தன் பெயரிலேயே வேறு நிறுவனம் தொடங்கினார், அதுதான் ஜேபிஎல். மூன்றாண்டில், கடன் நெருக்கடிக்கிடையே, தற்கொலை செய்துகொண்டார். அவர் போன பிறகும் 604 அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவர்களில் பல்லாண்டு நிலைத்தது. அதன் நடுநாதம் கொஞ்சம் முன்னால் எழுந்து நிற்கும். குறைதான். ஆனால் அங்கே வேலை செய்தவர்களின் காது அதற்குப் பழகிவிட்டது.

1968இல் ஜேபிஎல் 4310 என்ற சிறிய மானிட்டரைக் கொண்டுவந்தபோது, அதை எதற்கு ஒத்து அமைத்தார்கள்? இயற்கையான குரலுக்கோ வயலினுக்கோ அல்ல. போட்டியாளரான அல்டெக் 604 எப்படி ஒலித்ததோ அதற்கு. அந்தக் கோணல் இல்லாவிட்டால் பொறியாளர்கள் நம்பமாட்டார்கள். 4310ஐ வீட்டுக்கேற்ப உடைமாற்றி 1970இல் எல்100 என்று விற்றார்கள், அமோகமாக விற்றது. ஒருவர் பெட்டியின் கோணலை இன்னொருவர் பெட்டி கற்றுக்கொண்டு, அது கூடம் கூடமாகப் பரவி வீட்டுக்குள்ளும் வந்தது.

ஒலி ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் இதை ஒரு வட்டம் என்பார். ஸ்பீக்கரின் குறையைக் கேட்டபடி பாட்டைக் கலக்குகிறார்கள். குறைக்கு ஏற்றாற்போல் பாட்டு திருத்தப்பட்டுவிடுகிறது. அந்தப் பாட்டை வைத்து அடுத்த ஸ்பீக்கர் நல்லதா என்று சோதிக்கிறார்கள். எது மூலம், எது நிழல் என்று பிரிக்க முடிவதில்லை.

நம் பாட்டுகளும் இந்த வட்டத்துக்கு வெளியே இல்லை. ஒளித்தடத்தில் பதிந்த படங்களின் இரைச்சலை அடக்க, 1938இல் ஹாலிவுட் வகுத்த ஒழுங்கின்படி தியேட்டர்களில் உயர்நாதத்தைத் தணித்தே ஒலிபரப்பினார்கள். இழப்பை ஈடுகட்ட, ஒலிக்கலவை செய்தவர்கள் முன்கூட்டியே உயர்நாதத்தைத் தூக்கி வைத்தார்கள். அப்படிப்பட்ட தியேட்டர் ஸ்பீக்கருக்குப் பழகிய காதுகள்தாம் கோடம்பாக்கத்துப் பாட்டுகளையும் பதிவு செய்தன. இன்றைய தெளிவான ஸ்பீக்கரில் அவற்றைப் போட்டால் வயலின் கூட்டம் காதைக் குத்தும். 'பழைய ரெக்கார்டிங், அப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் குத்தல் அன்றைய திரைக்குப் பின்னாலிருந்த ஸ்பீக்கரின் அச்சு. அந்த ஸ்பீக்கர் இல்லாமல் போனதும் அச்சு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

இனி அந்த இரண்டாவது கேள்வி. எங்கே வைப்பது? ஒலிப்பதிவுக் கூடத்தில் பெரிய மானிட்டரைச் சுவருக்குள் பதித்துவிடுவார்கள். சுவரே பெட்டியின் முகமாகிவிடும். நம் வீட்டுக் கூடம் இருபது அடி அகலம், பத்து அடி உயரம், சுற்றிலும் செங்கல். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். இருபது அடி அகலத்தில் முதலில் நின்று அதிர்வது 29 ஹெர்ட்ஸ், அடுத்தது 57. பத்தடி உயரத்தில் முதலில் அதிர்வதும் அதே 57. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. அமெரிக்க வீடுகளின் மெல்லிய ஜிப்சம் சுவர் அடிநாதத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். செங்கல் விழுங்காது, அப்படியே திருப்பி அடிக்கும்.

பேஸ் கித்தாரின் மூன்றாம் தந்தி 55 ஹெர்ட்ஸ். அதற்கு அரைச்சுரம் மேலே 58. இளையராஜா பாட்டுகளில் சசிதரனின் பேஸ் கித்தார் தாளத்துக்குக் கீழே தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும்; அந்த இரண்டு சுரங்களில் விரல் வந்து நிற்கும்போதெல்லாம் ஜுருக் கூடம் முழுவதும் விம்மும். சசிதரன் அப்படி வாசிக்கவில்லை, ராஜா அப்படி எழுதவில்லை. பெட்டியை முன்னே இழுத்தாலும் மூலையிலிருந்து விலக்கினாலும் விம்மல் கொஞ்சம் குறையும், போகாது. கூடத்தை இடித்துக் கட்டவா முடியும்? வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வி பெட்டிக்கு இடம் கேட்டது மட்டுமல்ல, ஒலியியலில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பரிசோதனை மேசையில் நின்று பழகியவருக்கு இங்கேதான் அந்த அதிர்ச்சி. மாதக் கணக்கில் உழைத்து, கணக்குத் தப்பாமல் செய்த பெட்டி கூடத்துக்கு வந்ததும் பிழை செய்கிறது. ரிஜெக்ட் கூடை இல்லை. போடுவதென்றால் வீட்டையும் சேர்த்துத்தான் போடவேண்டும்.

யமாஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் கதையை இவருக்குச் சொல்லவேண்டும். 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து வரவேற்பில்லாமல் போனது. சில ஆண்டுகளில் உலகத்து ஒலிப்பதிவுக் கூடங்கள் பல அதன் வெள்ளைக் கோனை மேசைமேல் ஏற்றி வைத்திருந்தன. அது இனிமையானது என்று யாரும் சொல்லவில்லை. அடிநாதம் குறைவு, நடுநாதம் கத்தும். ஆனால் எந்த ஊரில் எந்தக் கூடத்துக்குப் போனாலும் அது ஒரே மாதிரிக் கத்தியது. எவ்வளவு கழித்துக் கேட்கவேண்டும் என்று தெரிந்துவிட்டால் அதில் கேட்டு முடிவெடுக்கலாம்.

மனிதர்கள் விஷயத்திலும் இதுதான். தோட்டத்துக் கதை சொல்லும் தாத்தாக்களை நினைத்துப் பாருங்கள். துரையின் குதிரை எப்போதும் பத்தடி உயரம், வெள்ளம் எப்போதும் கூரைவரை. பெயர்களிலும் முறைகளிலும் மட்டும் அவர்கள் தப்புவதில்லை. எதில் கழிக்கவேண்டும், எதை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும் என்று பேரப்பிள்ளைக்குத் தெரியும். நேற்று வந்து தடுமாறாமல் பேசிவிட்டுப் போனவரின் சொல்லில் எதைக் கழிப்பது?

உண்மையைத் தரும் கருவி என்று ஒன்று கிடையாது. கருவிகள் எல்லாம் கோணலாகவே தருகின்றன. கோணலின் அளவு தெரிந்த இடத்தில் மட்டும் உண்மை நம் கைக்கு எட்டுகிறது. நம்பிக்கை என்பதும் அப்படி வருவதுதான்: குறை இல்லாததால் அல்ல, குறை இருக்கும் இடம் தெரிந்திருப்பதால். கடையில் வாங்கியவர் அந்தக் குறையை ஆண்டுக் கணக்கில் தேடவேண்டும். தானே குழாயை வெட்டி, சட்டத்தை ஒட்டி, அடிநாதத்தையும் உயர்நாதத்தையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் சுருளைச் சுற்றியவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்று உள்ளேயிருந்தே தெரியும். இடப்பக்கச் சட்டத்தில் பசை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பலகை எந்தச் சுரத்தில் முனகும் என்று அவரால் சொல்லமுடியும். அவர் செய்த பெட்டி கடையில் விற்பதைவிட நன்றாக ஒலிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பல நேரம் ஒலிக்காது. விம்மும் அந்தச் சுரம் வரும்போது அவர் காது தானாகவே கொஞ்சம் கழித்துக்கொள்கிறது. கழித்த பிறகு மிஞ்சுவது சசிதரன்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பழகிய பிழைமேல் பாசம் வந்துவிடும். உதாரணத்துக்கு, ஹார்னுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர். கொஞ்சம் மதிப்பு கூடிய ஒன்றைப் போட்டால் பாடகியின் 'ச' கூர்மை தணியும். சில வெள்ளிதான் செலவு, பத்து நிமிட வேலை. ஆனால் பெட்டியோடு பத்தாண்டு வாழ்ந்தவரிடம் சொன்னால் மறுத்துவிடுவார். தன்னிடமுள்ள இசைத்தட்டு ஒவ்வொன்றையும் அந்தக் கூர்மையை வைத்தே அறிந்தவர் அவர். நானாக இருந்தால் மாற்றுவேன். மாற்றிவிட்டு, பழைய ரெசிஸ்டரை அதன் மதிப்பும் தேதியும் எழுதிப் பெட்டியின் முதுகில் டேப் போட்டு ஒட்டிவைப்பேன்.