பூச்சாண்டிக்கு எள்ளுக் கண்

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்று ஒன்றாக வந்தன. கோயம்புத்தூரிலிருந்து நீலகிரியில் இருக்கும் எங்கள் சேரம்பாடிக்கு வந்திறங்கிய அண்ணன் பிள்ளைகளுக்கு முறுக்கும் அதிரசமும் போதவில்லை. "அத்தை, பேய் பிஸ்கட் செய்யணும்" என்று முதல் நாளே பிடிவாதம். எங்கள் வீட்டில் ஓவன் இல்லை, இட்லிப் பானை உண்டு. கொழுக்கட்டை மாவில் பேய் செய்யலாம் என்றேன்.

உப்பும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கொதித்த தண்ணீரைப் பச்சரிசி மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைய வேண்டும். ஆறவிட்டால் வெடித்துவிடும். ஈரத்துணி போட்டு மூடி, ஆளுக்கொரு உருண்டை கொடுத்தேன். வெள்ளைப் பேய்க்குக் கறுப்பு எள்ளில் கண். மண்டை ஓட்டுக்கு மிளகு. ரத்தத்துக்கு பீட்ரூட் சாறு. பரங்கிக்காயை மசித்துச் சேர்த்த மாவில் ஒரு தலை செய்து, புது வீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டிப் பூசணியின் மீசையையும் கோரைப் பல்லையும் அதற்கு வைத்தோம்.

என் சிறுவயதில் பூச்சாண்டிக்கு வேறு வேலை இருந்தது. சோறு உண்ணாவிட்டால் அவன் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லித்தான் எனக்கு ஊட்டினார்கள். வயிறு நிறைந்தது, உண்மைதான். ஆனால் பத்து வயது வரை இருட்டில் கொல்லைப் பக்கம் போக என்னால் முடியவில்லை. இந்தப் பிள்ளைகளோ பூச்சாண்டியைத் தாங்களே உருட்டுகிறார்கள். கோணலானால் அழித்து மறுபடி பிடிக்கிறார்கள். பயத்தைப் பிள்ளையின் தலைக்கு மேலே நிறுத்தாமல் கையில் கொடுத்துவிடுவது எவ்வளவு நல்லது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

செத்தவர்களையும் தின்பண்டத்தையும் பிள்ளைகளையும் சேர்த்து வைப்பது நமக்கும் புதிதில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கல்லறைத் திருநாளையொட்டிப் பிள்ளைகளும் ஏழைகளும் வீடு வீடாகப் போய், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு சின்னச் சின்ன கேக் வாங்கித் தின்றார்கள். எங்கள் வீட்டிலும் தீபாவளிக்கு முதல் நாள் அப்பாயிக்குப் படையல். சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையைவிட்டு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்க வந்தவள் அவள். ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. சரியாக 60 ஆண்டு கழித்து அதே தேதியில் அவளுக்கு இலை போட்டோம் என்பது கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மாவு உருட்ட எதிர்வீட்டுச் சிறுமியும் வந்திருந்தாள். எட்டு வயது. அவள் பேய் செய்யவில்லை, ஆனை செய்தாள். தேங்காய்ச் சில்லில் இரண்டு தந்தம். அண்ணன் பிள்ளைகள் "க்யூட்டா இருக்கு" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் ஒரு ராத்திரி அந்தச் சிறுமி வீட்டு அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டு ஆனை அரிசியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. பேய்க்கு யாரும் இங்கே வெளிவிளக்கு போட்டுவைப்பதில்லை. ஆனைக்குத்தான் போடுகிறோம். வீடு வீடாக அரிசி தேடி வந்த 'புல்லட்' என்ற ஆனையை வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்து ஆனைமலைக்குக் கொண்டுபோனது அந்த டிசம்பரில்தான்.

ஆனைப் பயத்தையும் விளையாட்டாக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். மாவு ஆனையைச் செய்து பழகியவள் நிஜ ஆனையை அலட்சியம் செய்துவிட்டால்? இந்தப் பயம் அவள் உயிரைக் காக்கிற பயம், அது போய்விடக் கூடாது. அதற்காக அந்த உருண்டையைப் பிடுங்கவும் எனக்கு மனமில்லை. பொழுது சாயுமுன் நானே டார்ச்சோடு கொண்டுபோய் விடுகிறேன் என்று அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அதற்குள் அவள் தும்பிக்கையை உயர்த்தி, வாயைத் திறந்துவிட்டு, பச்சரிசி நாலைப் பொறுக்கி உள்ளே வைத்தாள்.

"அதுக்குப் பசி அத்தை, அதான் வந்துச்சு."

ஆவியில் தும்பிக்கை கழன்று விழுந்துவிட்டது. விரலைத் தண்ணீரில் நனைத்து, சூடு தாங்காமல் ஊதி ஊதி அவளே ஒட்டினாள். படையல் இலையில் வடைக்குப் பக்கத்தில் அதை வைக்கலாமா என்று கேட்டாள். கொஞ்சம் சோற்றைத் தள்ளி இடம் செய்து கொடுத்தேன்.